ஜப்பானில் இரண்டு மாதம்: பேரனின் பள்ளிக்கூடத்தில் பார்த்தது

#1 கரும்பலகை

வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் 33 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் டோக்கியோவின் கிழக்கு ஓரம், நிஷிகசாயில் இருக்கிறது. அக்டோபர் தொடக்கத்தில் வந்தேன், நவம்பர் கடைசியில் ஊர் திரும்புகிறேன். நிஷிகசாய் ஸ்டேஷனில் இறங்கினாலே நம் முகங்கள் தெரியும். 2000-ஐ ஒட்டி கணினி வேலைக்கு வந்தவர்கள் இங்கே குடியேறியதால் கறிவேப்பிலைக்குக்கூடப் பஞ்சமில்லை. ஆனால் அதை எழுத வரவில்லை. பேரன் இரண்டாம் வகுப்பு. இந்தியப் பள்ளிகள் பக்கத்திலேயே இருந்தும், மாப்பிள்ளை அவனை வட்டாரத்து ஜப்பானிய ஆரம்பப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். நான் பார்த்ததும் அதுதான்.

காலை 7.50-க்கு பால்கனியில் காபியோடு நின்றால் பிள்ளைகள் போவது தெரியும். வேன் இல்லை, ஆட்டோ இல்லை, அப்பாவின் பைக் இல்லை. எல்லோரும் நடை. முதுகில் பெட்டி போல ஒரு தடித்த பை, ராந்தோசெரு என்று பெயர். ஆறு வருடத்துக்கு ஒரே பை. விலையைக் கேட்டபோது மகள் 55,000 யென் என்றாள், நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. முதல் வகுப்புக் குழந்தைகளின் பைக்கு மட்டும் மஞ்சள் உறை. வண்டிக்காரருக்கு "இது புதுசு, பார்த்து ஓட்டு" என்று அடையாளம். முக்கில் மஞ்சள் கொடியோடு என் வயதுக்காரர் ஒருவர் நிற்பார். இரண்டாவது வாரத்திலிருந்து நானும் அவரும் தினமும் குனிந்து வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். அவருக்குத் தெரிந்த தமிழும் எனக்குத் தெரிந்த ஜப்பானியமும் சரிக்குச் சரி.

போன வாரம் பள்ளியைப் பெற்றோருக்குத் திறந்துவிடும் நாள். எந்த பீரியடிலும் போய்ப் பின்னால் நின்று பார்க்கலாம். வாசலில் செருப்பைக் கழற்றி, நாமே கொண்டுபோன ஸ்லிப்பரைப் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு உள்ளே போட தனி வெள்ளைச் சப்பாத்து, உவாபாகி. வாசலில் ஆளுக்கொரு மாடம் உள்ள நீள அலமாரி.

எனக்கு அதிர்ஷ்டம், கணக்கு வகுப்பு. இரண்டாம் வகுப்பில் இந்தப் பருவத்தில் வாய்ப்பாடு நடக்கிறது. "நி இச்சி கா நி, நி நின் கா ஷி, நி ஸான் கா ரோகு" என்று ராகமாகப் பாடுகிறார்கள். கண்ணை மூடினால் எங்கள் ஊர்த் திண்ணை. ஆனால் ஒன்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்! பதினாறாம் வாய்ப்பாடு வரை பிரம்போடு நின்ற பரம்பரை நான், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அப்புறம் சாப்பாடு. பள்ளி மதிய உணவுக்கு இங்கே க்யூஷோகு என்று பெயர். அந்த வார முறைக்காரப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வெள்ளை அங்கி, தொப்பி, முகமூடி போட்டுக்கொண்டு தள்ளுவண்டியில் அண்டாக்களைக் கொண்டுவந்து தாங்களே பரிமாறுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை கரண்டியால் சூப்பை அளந்து ஊற்றுகிறது. கடைசித் தட்டு நிரம்பும்வரை யாரும் வாயில் வைப்பதில்லை. ஒரு பையன் தன் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டான். நான் பழக்கதோஷத்தில் ஆசிரியை முகத்தைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. நாலு பேர் துணியோடு ஓடினார்கள். துடைத்து முடித்ததும் இரண்டு பேர் தங்கள் கிண்ணத்திலிருந்து அவனுக்குக் கொஞ்சம் ஊற்றினார்கள். பிறகுதான் "இததாகிமாஸ்", சாப்பிடும் முன் எல்லோரும் சொல்லும் சொல்.

சாப்பிட்டு முடித்ததும் பால் அட்டையைக் கழுவி, பிரித்து, தட்டையாக்கி அடுக்கினார்கள். பிறகு துப்புரவு. இசை போட்டார்கள், மேசைகளை ஒருபக்கம் ஒதுக்கினார்கள், ஈரத்துணியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நடைவழியில் தவளை போல ஓடினார்கள். பதினைந்து நிமிடம். பெல் அடித்ததும் நின்றது.

இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம்மவர்கள் இதைப் பார்த்ததும் "அவங்க ரத்தத்திலேயே ஒழுக்கம்" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாள் சண்டை போட்ட இரண்டு பயல்களையும் பார்த்தேன். கால அட்டவணையில் கணக்குக்கு 45 நிமிடம் என்று எழுதியிருப்பது போலத் துப்புரவுக்கும் எழுதியிருக்கிறது. சாப்பாட்டுக்கும் எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் ஆசிரியரும் அங்கேயே இருக்கிறார். அவ்வளவுதான் ரகசியம் என்று நினைக்கிறேன். இங்கே வாழ்பவர்கள் தவறு இருந்தால் திருத்துங்கள்.

#2 சும்மாகேட்டேன்

அருமை ஐயா. ஜப்பானில் பத்து வயது வரை பரீட்சையே கிடையாது, பள்ளிகளில் துப்புரவுப் பணியாளரே கிடையாது என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை வருகிறது. உண்மையா?

#3 ஓடைக்கரை

ஓசாகாவில் 14 வருடம். இரண்டு பிள்ளைகளும் இங்கே அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவர் கையில் முதல் வகுப்புக் காஞ்சி (சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்து) தேர்வைக் கொடுத்துப் பார்க்க ஆசை.

பரீட்சை உண்டு. முதல் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பாடம் முடிந்ததும் வண்ணத்தில் அச்சடித்த தாளில் 100 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வரும். முதல் வகுப்பில் 80 காஞ்சி, ஆறு வருடத்தில் மொத்தம் 1,026. இல்லாதது என்னவென்றால் பெயில். கட்டாயக் கல்வி ஒன்பது வருடம், ஆரம்பப் பள்ளி ஆறு, நடுநிலை மூன்று. அதில் யாரையும் அதே வகுப்பில் உட்கார வைப்பதில்லை. ரேங்க் அட்டையும் இல்லை. அதைத்தான் யாரோ "பரீட்சையே இல்லை" என்று ஆக்கிவிட்டார்கள். பதினைந்து வயதில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு வரும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்துக் கறந்துவிடுவார்கள். டோக்கியோவில் வசதியுள்ள வீடுகளில் இன்னும் முன்னாலேயே, ஆறாம் வகுப்பு பிப்ரவரியில், தனியார் நடுநிலைப் பள்ளித் தேர்வு. அதற்காக நாலாம் வகுப்பிலேயே ஜுகு, அதாவது டியூஷன் சென்டர். இரவு ஒன்பது மணி ரயிலில் தூங்கி வழியும் பிள்ளைகளைக் கரும்பலகை ஐயா இன்னும் பார்க்கவில்லை போல.

துப்புரவுப் பணியாளரும் உண்டு, யோமுயின் என்பார்கள். மரம் வெட்டுவது, குழாய் பழுது, பெரிய சுத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. கழிப்பறையைப் பிள்ளைகள் கழுவுவது பள்ளிக்குப் பள்ளி மாறும்.

ஐயா சொன்ன கால அட்டவணை விஷயம் மிகச் சரி. இதற்கு இங்கே பெயரே இருக்கிறது, தொக்காத்சு. பாடம் அல்லாத செயல்பாடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக் கூட்டம், விளையாட்டு விழா, முறை வைத்து வேலை செய்வது எல்லாம் அதன்கீழ் வரும். எகிப்து இதைப் பார்த்துவிட்டு 2018-ல் ஜப்பானோடு சேர்ந்து இதே முறையில் பள்ளிகள் திறந்தது. ரத்தத்தில் இருக்கிற விஷயமாக இருந்தால் கெய்ரோவுக்கு எப்படி ஏற்றுமதி செய்வது?

சாப்பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. முதல் பள்ளி மதிய உணவு 1889-ல் யமகத்தா மாநிலத்தின் த்சுருஒகாவில், சாப்பாடு கொண்டுவர முடியாத ஏழைப் பிள்ளைகளுக்காகப் போட்டது. அரிசி உருண்டை, சுட்ட மீன், ஊறுகாய். போருக்குப் பிறகு வந்தது அமெரிக்கக் கோதுமை ரொட்டியும் பால் பவுடரும். க்யூஷோகு சட்டம் 1954-ல். அரிசி முறைப்படி சேர்ந்தது 1976-ல்தான். அரிசி தின்னும் நாட்டில் இருபது வருடத்துக்கு மேல் பள்ளியில் ரொட்டி!

#4 கரும்பலகை

நன்றி ஓடைக்கரை தம்பி. ஒன்று விட்டுப்போனது. சாப்பாடு வகுப்புக்கு வருவதற்கு அரைமணி நேரம் முன்னால் ஹெட்மாஸ்டர் ஒரு தட்டு சாப்பிட்டுப் பார்க்கிறாராம். நான் சத்துணவை எத்தனை நாள் இப்படி ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! இங்கே இன்னொரு படி மேலே போய், ஒவ்வொரு பதார்த்தத்திலும் 50 கிராம் எடுத்து உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கிறார்கள். 1996-ல் ஓசாகா பக்கம் சகாய் நகரில் ஓ-157 கிருமியால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் விழுந்து, சில உயிர்கள் போன பிறகு வந்த கெடுபிடி என்று மாப்பிள்ளை சொன்னார்.

#5 நூல்கண்டு

ஐயா பின்னால் நின்று பார்த்ததை நான் முன்னால் நின்று செய்து கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

அந்த வெள்ளை அங்கி இருக்கிறதே, வெள்ளிக்கிழமை முறை முடிந்ததும் வீட்டுக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டு, திங்களன்று அடுத்த பிள்ளைக்குப் போக வேண்டும். தவளை ஓட்டம் ஓடும் துணி, ஸோகின், அதுவும் நாம்தான் கொடுக்க வேண்டும், பருவத்துக்கு இரண்டு. சேர்க்கையின்போது ஒரு தாள் தருவார்கள்: சப்பாத்துப் பை இத்தனை சென்டிமீட்டர், உடைப்பை இத்தனை சென்டிமீட்டர். ஒவ்வொரு பென்சிலிலும், ஒவ்வொரு வண்ணக் குச்சியிலும் பெயர் எழுத வேண்டும். கணக்குப் பெட்டியில் குட்டிக் குட்டிக் காய்கள் இருக்கும், அதிலும் பெயர். இரவு ஒரு மணிக்கு அழுதுகொண்டே எழுதினேன்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் அடியில் தாஷி இருக்கும், பெரும்பாலும் மீன் சாறு. எங்கள் பள்ளியில் பேசினோம், மாதப் பட்டியலை முன்கூட்டியே தருகிறார்கள், ஒத்துவராத நாளில் வீட்டிலிருந்து டப்பா. என் மகள் கொஞ்ச நாள் "எனக்கு மட்டும் ஏன் வேற?" என்றாள். பிறகு பழகிவிட்டாள். இல்லை, அவள் பழகிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

புதிதாக வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கட்டாயக் கல்வி ஜப்பானியக் குடிமக்களுக்குத்தான். நம் பிள்ளைகளை, கேட்டால் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். கேட்காவிட்டால் சட்டம் தேடி வராது. 2019-ல் அரசு எண்ணிப் பார்த்தபோது பள்ளிக்குப் போகாமல் இருக்கலாம் என்று கணித்த வெளிநாட்டுப் பிள்ளைகள் 19,000-க்கு மேல். வார்டு அலுவலகத்துக்கு நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

#6 எதிர்வெயில்

மன்னிக்கவும், இந்த இழை முழுக்க ஒரே தேன். கொஞ்சம் வேப்பெண்ணெய் ஊற்றுகிறேன்.

2023 கல்வியாண்டில் ஜப்பானில் ஆரம்ப, நடுநிலைப் பள்ளிகளில் முப்பது நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத பிள்ளைகள் 3,46,482 பேர். நோயோ வறுமையோ காரணமாக வராதவர்கள் இதில் சேர்த்தியில்லை. ஃபுதோகோ என்கிறார்கள். துடைப்பம், சூப், தவளை ஓட்டம் எல்லாம் சரி, அந்த மூன்றரை லட்சம் பேர் எங்கிருந்து ஓடுகிறார்கள்?

ஓசாகாவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி மாணவிக்குப் பிறவியிலேயே பழுப்பு முடி. கறுப்புச் சாயம் பூசு, பூசு என்று திரும்பத் திரும்பச் சொன்னதில் பள்ளிக்குப் போவதையே விட்டுவிட்டாள். 2017-ல் வழக்குப் போட்டாள். 2021-ல் நீதிமன்றம் 3,30,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எதற்காக தெரியுமா? சாயம் பூசச் சொன்னதற்காக இல்லை, அது பள்ளியின் அதிகாரத்துக்குள் வருமாம். அவள் வராமல் இருந்தபோது பெயரைப் பட்டியலிலிருந்தும் மேசையை வகுப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்களே, அதற்காக.

ஒழுங்கு என்று நீங்கள் பார்ப்பது, ஒத்துப்போகிறவர்களுக்கு மட்டும்தான் ஒழுங்கு.

#7 ஓடைக்கரை

எதிர்வெயில், எண்ணிக்கையில் தப்பில்லை. ஆனால் அந்த வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டதையும் சொல்லுங்கள். டோக்கியோ மாநகர உயர்நிலைப் பள்ளிகள் 2022 ஏப்ரலில் கறுப்பு முடி விதி, உள்ளாடை நிறத்தைக் குறிப்பிடும் விதி உட்பட ஐந்தை எடுத்துவிட்டன. உள்ளாடைக்கே விதி இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது.

#8 கரும்பலகை

எதிர்வெயில் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். நான் ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தவன். விருந்தாளிக்கு எப்போதும் வீட்டின் முன் அறைதான் தெரியும், ஒத்துக்கொள்கிறேன்.

எனக்குக் கண்ணில் பட்ட வேறொன்றைச் சொல்கிறேன். இரவு சாப்பிட்டபின் நடக்கப் போவேன். பள்ளி வழியாகத்தான் பாதை. எட்டு மணிக்கும் ஆசிரியர் அறையில் விளக்கு எரியும். முதலில் காவலாளி அணைக்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒருநாள் ஜன்னல் வழியே தெரிந்தது, அந்தக் கணக்கு வகுப்பு ஆசிரியை, குவியல் நோட்டுப் புத்தகங்களோடு. மகளிடம் கேட்டேன். "தினமும் அப்படித்தான்ப்பா" என்றாள்.

பிறகு தேடிப் படித்தேன். 2018-ல் பல நாடுகளை ஒப்பிட்ட ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) ஆய்வில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்கிறார், சராசரி 38. மிகைநேரச் சம்பளம் கிடையாது. 1971 சட்டப்படி அதற்குப் பதிலாகச் சம்பளத்தில் 4 சதவீதம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் அதே 4. இப்போதுதான் படிப்படியாக 10 ஆக்குவதாகச் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். ஆக, கால அட்டவணையில் எழுதியிருப்பதுதான் ரகசியம் என்றேன் அல்லவா? அட்டவணையில் எழுதாத நேரத்தை யார் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. 33 வருடம் வாத்தியாராக இருந்தவனுக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி அது.

#9 கொடிமல்லி

வெகுநாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன். இந்த இழைக்காகக் கணக்குத் திறந்தேன்.

எதிர்வெயில் சொன்ன அந்த எண்ணில் ஒன்று என் மகள். மூன்றாம் வகுப்பில் நின்றாள். எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அதைத்தான் நம்மூரில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. "டீச்சர் திட்டினாங்களா? பசங்க கிண்டல் பண்ணாங்களா?" இல்லை, இல்லை.

இங்கே பள்ளியில் ஒரு நாளில் அதிகம் கேட்கும் சொல் "மின்னா". எல்லாரும் என்று பொருள். மின்னா சேர்ந்து பாடுவோம், மின்னா சேர்ந்து சுத்தம் செய்வோம், மின்னா முடிக்கும்வரை காத்திருப்போம். ஐயா எழுதினாரே, கடைசித் தட்டு நிரம்பும்வரை யாரும் சாப்பிடுவதில்லை என்று. படிக்க எவ்வளவு அழகாக இருக்கிறது. என் மகள் எதையும் மெதுவாகச் செய்பவள். துணி மாற்ற, மேசை நகர்த்த, சாப்பிட, எல்லாமே. ஒவ்வொரு நாளும் முப்பது பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள். முகம் சுளிக்காமல், பொறுமையாக. அந்தப் பொறுமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "அம்மா, எல்லாரும் என்னைப் பாக்குறாங்க" என்றாள். ஒரு காலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தவள், பதினொரு மணி வரை எழுந்திருக்கவில்லை.

பள்ளி மோசம் என்று சொல்ல மாட்டேன். வராத நாளெல்லாம் பக்கத்துக் குடியிருப்புப் பையன் அவளுடைய தொடர்புக் குறிப்பேட்டையும் தாள்களையும் கொண்டுவந்து கொடுப்பான். வகுப்பாசிரியர் மாலையில் போன் செய்வார். எங்களுக்குத்தான் ஒரு கட்டத்தில் அந்தப் போன் மணி கேட்டாலே வயிற்றைப் பிசைந்தது. பிறகு ஹோகென்ஷித்சுவுக்கு வரட்டும் என்றார்கள். முதலுதவி அறை, அங்கே ஒரு ஆசிரியை எப்போதும் இருப்பார். ஆறு மாதம் அந்த அறைக்கு மட்டும் போனாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். வருகைப் பதிவில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது ஐந்தாம் வகுப்பு, வாரத்தில் மூன்று நாள் வகுப்பறை. எந்த மூன்று நாள் என்பதை அவளே சொல்வாள், நாங்கள் கேட்பதில்லை.

ஐயா, அடுத்த முறை பள்ளிக்குப் போனால் வாசல் செருப்பு அலமாரியைப் பாருங்கள். வந்த பிள்ளையின் மாடத்தில் வெளிச் செருப்பு இருக்கும். வராத பிள்ளையின் மாடத்தில் உவாபாகி இருக்கும்.

#10 எதிர்வெயில்

கொடிமல்லி, நான் எண்ணை ஒரு கல் மாதிரி எறிந்துவிட்டேன். மன்னிக்கவும். உங்கள் மகளுக்கு என் அன்பு.

#11 வடகாற்று

செண்டாயில் ஆய்வு மாணவன். எல்லாரும் சேர்ந்து என்ற இந்த விஷயத்தில் எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது.

இங்கே பிள்ளைகளுக்கு நிலநடுக்கப் பயிற்சியில் நாலு விதி சொல்லிக் கொடுப்பார்கள்: தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. பல பள்ளிகளில் நாற்காலியில் பஞ்சு வைத்த ஒரு தலைமூடி இருக்கும், மணி அடித்ததும் அதை மாட்டிக்கொண்டு வரிசையாக மைதானத்துக்கு. பார்க்கவே பிரமிப்பு.

பெரிய நிலநடுக்கமும் சுனாமியும் வந்த 2011 மார்ச் 11 அன்று இஷினோமாகி நகரின் ஒகாவா ஆரம்பப் பள்ளியிலும் பிள்ளைகள் அப்படித்தான் மைதானத்துக்கு வந்தார்கள். கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம் அங்கேயே காத்திருந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே மலை. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் அலையில் போனார்கள். பள்ளியும் கல்வி அலுவலகமும் முன்கூட்டியே சரியான ஏற்பாடு செய்து வைக்கவில்லை என்ற தீர்ப்பு 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. நான் போயிருந்தேன். இடிந்த கட்டடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். மைதானத்திலிருந்து அந்த மலைச்சரிவுக்கு நடந்து பார்த்தேன். எத்தனை நிமிடம் என்று எழுத மனம் வரவில்லை.

அதே நாளில் கமாஇஷி என்ற கடலோர ஊரில் வேறு மாதிரி. அங்கே "ட்சுனாமி தென்தென்கோ" என்று கடற்கரை மக்களின் பழைய சொல் உண்டு. அவரவர் உயிரை அவரவர் காப்பாற்று, யாருக்காகவும் நிற்காதே. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மேட்டைப் பார்த்து ஓட, அதைப் பார்த்துப் பக்கத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளும் கூடவே ஓடினார்கள். தப்பினார்கள். வரிசையில் நிற்கப் பழக்குகிற நாட்டில், வரிசையை எப்போது விட வேண்டும் என்பதையும் பழக்க வேண்டியிருந்தது.

#12 சும்மாகேட்டேன்

நான் விளையாட்டாகக் கேட்ட கேள்வி எங்கேயோ போய்விட்டது. தொண்டை அடைக்கிறது. கொஞ்சம் தரையிறங்கலாமா? கரும்பலகை ஐயா, பள்ளி தவிர வேறு என்ன பார்த்தீர்கள்? பர்ஸ் தொலைந்தால் திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே?

#13 கரும்பலகை

பர்ஸ் இல்லை தம்பி, குடை. அதுவும் 500 யென் பிளாஸ்டிக் குடை. ரயிலில் விட்டுவிட்டேன். ஸ்டேஷனில் மகள் ஒரு படிவம் நிரப்பினாள்: எந்த ரயில், எத்தனையாவது பெட்டி, கைப்பிடி என்ன நிறம். கிடைக்கவில்லை. குடை மட்டும் யாரும் திருப்புவதில்லை என்று மாப்பிள்ளை சிரிக்கிறார். மற்றபடி டோக்கியோ காவல்துறைக்கு வருடத்துக்கு 40 லட்சத்துக்கும் மேல் பொருட்கள் வந்து சேர்கின்றன. அதிலும் சட்டம் இருக்கிறது: பணத்தைக் கண்டெடுத்துக் கொடுத்தவர் 5 முதல் 20 சதவீதம் வெகுமதி கேட்கலாம், மூன்று மாதம் யாரும் வராவிட்டால் பொருளே அவருக்கு. நல்ல மனசோடு ஒரு ரசீதும் உண்டு.

என்னை ஆட்டிவைத்தது குப்பைதான். எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில், அட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை. முதல் வாரமே தவறான நாளில் ஒரு பையை வைத்துவிட்டேன். வண்டி எடுக்கவில்லை. ஒரு ஒட்டுத்தாளோடு அது அங்கேயே உட்கார்ந்திருந்தது, ஊரே பார்க்க. காகத்துக்காகப் போட்ட வலைக்கு அடியில் என் மானம் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொந்த ஊர் போலவே இருந்தது. பேரன் கிளம்பும்போது "இத்தெகிமாஸ்" என்று கத்துவான். அதற்கு என்னடா அர்த்தம் என்றேன். "போயிட்டு வரேன் தாத்தா" என்றான். இத்தெ என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். சொல்லுக்குச் சொல் நம் வாக்கியம். வெறுமனே போகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதும் அப்படியே.

#14 நூல்கண்டு

குப்பைக்கு எங்கள் வீட்டுக் குளிர்பெட்டி மேல் மூன்று பக்க அட்டவணை ஒட்டியிருக்கிறது ஐயா. ஐந்து வருடமாக. இன்னும் தினமும் பார்க்கிறேன்.

#15 கரும்பலகை

நாளை மறுநாள் விமானம். இடையில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

நேற்று பேரனின் படக் கண்காட்சி என்று மறுபடி பள்ளிக்குப் போனேன். புதன்கிழமை, காலை பத்தரை மணி. கொடிமல்லி அம்மா சொன்னது நினைவில் இருந்தது. ஸ்லிப்பர் மாற்றும்போது இரண்டாம் வகுப்பு அலமாரியைப் பார்த்தேன். வரிசையாக வெளிச் செருப்புகள், சகதியும் மண்ணுமாக. மூன்றாவது தட்டில் ஒரு மாடத்தில் மட்டும் வெள்ளை உவாபாகி, ஜோடியாக, குதிகால் வெளியே பார்த்தபடி. பெயர் எழுதியிருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். கொடி பிடிக்கும் அந்தப் பெரியவரும் படம் பார்க்க வந்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார், அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் பேரனிடம் கேட்டேன், அது யார் மாடம் என்று. அன்றைக்குச் சூப்பைக் கொட்டினானே, அந்தப் பையனாம். உடம்பு சரியில்லையா என்றேன்.

"இல்ல தாத்தா, அவன் சாப்பாட்டுக்கு வருவான். சில நாள் க்யூஷோகு மட்டும் சாப்பிட்டுப் போயிடுவான்."

"டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, ஏழாம் வாய்ப்பாட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாளைக்குக் காய்கறிக் கறிச்சோறு, அவன் கண்டிப்பாக வருவான் என்றும் சொன்னான்.